பகலில் எரியும் விளக்கு: பிக்-அப் வண்டிக்கு வேண்டுமா?

மாட்டு வண்டிகள் இரவில் சாலையில் சென்ற காலத்தில் வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். காளைகளுக்கு வழிகாட்ட அந்த வெளிச்சம் போதாது. அதற்குத் தேவையும் இல்லை. பழகிய மாடுகள், வண்டிக்காரர் தூங்கிவிட்டாலும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எதிரே வரும் லாரிக்காரரும் பின்னால் வரும் பஸ்காரரும் 'இங்கே ஒரு வண்டி போகிறது' என்று தெரிந்துகொள்ளவே அந்த விளக்கு கட்டப்பட்டது. ஓட்டுகிறவருக்கு வழி தெரிவதற்கான விளக்கு வேறு. வண்டி இருப்பது பிறருக்குத் தெரிவதற்கான விளக்கு வேறு. கிராமத்துப் பெரியவர்கள் இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுக்காமலே அறிந்திருந்தார்கள்.

மாட்டு வண்டி செய்த வேலையை இன்று பிக்-அப் வண்டிகளும், 'குட்டியானை' என்று செல்லமாக அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டிகளும் செய்கின்றன. தோவாளைக்குப் பூவும், ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளியும் முருங்கைக்காயும், நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் இவற்றில்தான் வருகின்றன. இந்த வண்டிகளின் முன்புறத்தில், பகல் நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கும் வெள்ளை விளக்குகளைப் பொருத்தும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. கடைகளில் 'டி.ஆர்.எல்.' என்று கேட்டால் கொடுப்பார்கள். புதிய கார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே இவ்விளக்கு பொருத்தப்பட்டு வருவதைப் பார்த்து, வீட்டிலுள்ள இளைஞர்கள் தங்கள் சரக்கு வண்டிக்கும் அழகுக்காக மாட்டுகிறார்கள். பெரியவர்களோ, 'பட்டப்பகலில் விளக்கு எதற்கு? காசுக்குக் கேடு' என்கிறார்கள்.

இரு சாராரும் விளக்கின் உண்மையான பயனையும், அதில் மறைந்துள்ள ஓர் ஆபத்தையும் கவனிப்பதில்லை. விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இந்த விளக்கு பயனுள்ளதே. ஆனால் பின்புற விளக்கைக் கவனிக்காமல் முன்புறத்தில் மட்டும் இதைப் பொருத்துவது, பொருத்தாமலே இருப்பதைவிடக் கெடுதலாக முடியக்கூடும்.

பகலில் ஏன் தெரிவதில்லை?

பகலில் எல்லாம் தெரியும் என்பது பாதி உண்மை. புளியமரங்கள் இருபுறமும் நிற்கும் சாலையில் வெயிலும் நிழலும் மாறிமாறி விழுகின்றன. வெயிலில் பழகிய கண்ணுக்கு நிழலுக்குள் வரும் வண்டி சட்டென்று புலப்படாது. காலை 6 மணி முதல் 8 மணி வரையிலும், மாலையில் 5 மணிக்கு மேலும் சூரியன் தாழ்வாக இருக்கும்போது, சூரியனை நோக்கி வருபவருக்கு எதிர்வண்டி ஒரு கறுப்பு நிழலாகவே தெரியும். தார் ரோட்டில் கானல் ஆடும் நடுப்பகலில், தூரத்தில் வருவது வண்டியா, நிற்கிறதா, நகர்கிறதா என்று சொல்வது கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழி, தை மாதப் பனிமூட்டத்திலும் நிலைமை இன்னும் மோசம்.

கணக்கைப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒவ்வொன்றும் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால், அவற்றின் இடைவெளி ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 33 மீட்டர் குறைகிறது. இருவழிச் சாலையில் ஒரு லாரியை முந்திச் செல்ல 10 விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், எதிர்வண்டி குறைந்தது 330 மீட்டர் தூரத்திலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதேபோல், தலையில் புல்லுக்கட்டுடன் 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்கும் ஒரு மூதாட்டிக்கு 7 விநாடியாவது ஆகும். அதற்குள் அந்த வண்டி 115 மீட்டருக்கு மேல் வந்துவிடும். கட்டின் சுமையால் கழுத்தைத் திருப்ப முடியாத அவருக்கு, கண்ணின் ஓரத்தில் படும் ஒரு வெளிச்சம் உடனே எச்சரிக்கை தரும். மங்கிய வெள்ளைப் பெயிண்ட் அதைத் தராது.

பிற நாடுகளின் அனுபவம்

இந்த ஏற்பாடு வட ஐரோப்பாவில் தோன்றியது. பின்லாந்தில் 1972-இல், குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஸ்வீடன் 1977-இல் ஆண்டு முழுவதற்கும் இதைக் கட்டாயமாக்கியது. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பின் தயாரான எல்லாப் புதிய வண்டிகளுக்கும் இது கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் புதிய ரகக் கார்களுக்கும், 2012 முதல் புதிய ரக லாரி, பஸ்களுக்கும் விதி வந்தது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல், புதிதாகத் தயாராகும் இரு சக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போது முகப்பு விளக்கும் எரிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்தில் எதிரே வந்தவர்களெல்லாம் விரல்களை விரித்து மடக்கி 'லைட் எரிகிறது, அணை' என்று சைகை காட்டினார்கள். இப்போது அந்தச் சைகை குறைந்துவிட்டது.

எல்லா நாடுகளும் இதை ஒரே மாதிரி வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியா 2005-இல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் அந்த விதியைக் கைவிட்டது. கார்களின் வெளிச்சத்தில் சைக்கிளில் செல்வோரும் நடந்து செல்வோரும் கண்ணில் படாமல் போகிறார்கள் என்ற கவலையே அங்கு எழுந்த முக்கிய ஆட்சேபம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தபோது பகல் விளக்கால் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. எனினும் பிக்-அப், வேன் முதலிய வண்டிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இரு வாகன மோதல்களில் அவை சிக்குவது 5.7 சதவீதம் குறைந்திருந்தது. விளைபொருள் ஏற்றுபவர்களுக்கு வேண்டிய செய்தி இதுவே.

5.7 சதவீதம் என்பது பெரிய எண் அல்ல. விளக்கு மாட்டிவிட்டால் விபத்தே வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. வட ஐரோப்பாவில் குளிர்காலச் சூரியன் நாள் முழுவதும் அடிவானத்தை ஒட்டியே செல்லும். அந்தி வெளிச்சமும் நெடுநேரம் நீடிக்கும். தமிழ்நாட்டின் நண்பகல் வெயிலில் அதே விளக்கின் பலன் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சந்தைக்குச் செல்லும் வண்டி நண்பகலில் மட்டும் ஓடுவதில்லை. அது விடியலில் புறப்பட்டுப் பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறது. பலன் அதிகம் கிடைக்கும் நேரமும் அதுதான்.

எப்படிப்பட்ட விளக்கு?

பலவகை விளக்குகள் கடைகளில் குவிந்துள்ளன. பெரும்பாலும் வெளிச்சம் அதிகமானதே உயர்ந்தது என்று எண்ணி வாங்குகிறார்கள். இது தவறு. பன்னாட்டு விதிப்படி ஒரு பகல் விளக்கின் ஒளி 400 கேண்டலாவுக்குக் குறையவும் கூடாது, 1,200 கேண்டலாவைத் தாண்டவும் கூடாது. நிறம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். கேபினுக்கு மேலும் பம்பரிலும் மாட்டப்படும் எல்.இ.டி. பார் விளக்குகள் பகல் விளக்குகள் ஆகமாட்டா. அவை எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, பிக்-அப் வண்டிக்குப் பக்கத்தில் வரும் மொபெட்டையும் மறைத்துவிடும். ஆஸ்திரியாவில் எழுந்த கவலை இங்கே உண்மையாவது இத்தகைய விளக்குகளால்தான். வண்டியின் முன்புறம் சிவப்பு விளக்கு எரிவதை மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பதில்லை. நீலமும் பச்சையும் மாறிமாறி ஓடும் அலங்கார விளக்குகள் திருவிழாச் சப்பரத்துக்குப் பொருத்தமானவை, சாலைக்கு அல்ல.

பார்க்கிங் லைட்டையே பகலிலும் எரிய விட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. 5 வாட் பல்பு வெயிலில் இருப்பதே தெரியாது. ஆகவே அதனால் பயனில்லை.

இடம் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமலும், இரண்டு விளக்குகளுக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறும் பொருத்த வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருத்தல் அவசியம். நடுவில் நெருக்கமாக மாட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒற்றை விளக்காக, மோட்டார் சைக்கிள் போலத் தோன்றும். இண்டிகேட்டரை ஒட்டி மாட்டினால், வயலுக்குள் திரும்ப இண்டிகேட்டர் போட்டாலும் அதன் மஞ்சள் ஒளி வெள்ளை ஒளியில் அமுங்கிவிடும். வயல் பாதையில் சேறு தெறிக்கும் என்பதால் பம்பரின் அடிப்பாகத்தைத் தவிர்ப்பது நலம்.

வயரிங்கில் கவனம்

விளக்கைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, தனி சுவிட்ச் வைத்துக் கொடுப்பது எலக்ட்ரீசியன்கள் பலரும் செய்யும் சுலபமான வேலை. சுவிட்சை அணைக்க மறந்தால் வந்தது வினை. ஒரு ஜோடி எல்.இ.டி. விளக்கு 15 வாட் எடுக்கிறது என்றால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மணிக்கு ஒன்றேகால் ஆம்பியர் வீதம் இறங்கும். 10 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். பழைய பேட்டரி என்றால் விடியலில் பூ ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மல்லிகை காத்திருக்காது.

சரியான முறை 5 முனை ரிலே வைப்பதாகும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து 3 அல்லது 5 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30 எண் முனைக்குக் கொடுக்க வேண்டும். 87ஏ முனையிலிருந்து பகல் விளக்குக்குச் செல்ல வேண்டும். 85, 86 எண் முனைகளில் ஒன்றைப் பார்க்கிங் லைட் வயரிலும் மற்றதை எர்த்திலும் சேர்க்க வேண்டும். இவ்வாறு செய்தால் சாவி போட்டதும் பகல் விளக்கு தானாக எரியும். பார்க்கிங் லைட்டையோ ஹெட்லைட்டையோ போட்டவுடன் தானாக அணையும். வண்டியை நிறுத்தினால் மறதிக்கு இடமே இல்லை. கம்பெனி வயரை நடுவில் வெட்டி ஒட்டுப் போடுவதால் வாரண்டி மறுக்கப்படலாம். ஆகவே புதிய வண்டியாயின் டீலரிடம் கேட்டுக்கொண்டு செய்வது தக்கது. மாட்டுக்கொட்டகையில் வண்டியை நிறுத்துபவர்கள் வயர்களை நெளிகுழாய்க்குள் செலுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் எலிகள் ஒரு வாரத்தில் கணக்கைத் தீர்த்துவிடும்.

பின்புறம் இருட்டு

இனிச் சொல்லப் போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. பகல் விளக்கு எரியும்போது பின்புறச் சிவப்பு விளக்கு எரிவதில்லை. மேலே சொன்ன வயரிங்கிலும் அப்படித்தான். பகலில் இதனால் கெடுதல் இல்லை. பொழுது சாயும் வேளையில்தான் விபரீதம்.

தமிழ்நாட்டில் சூரியன் மறைந்தபின் அந்தி வெளிச்சம் 20, 25 நிமிடங்களே நிற்கும். வயலில் மூட்டையை ஏற்றிப் புறப்படும்போது நல்ல வெளிச்சம் இருக்கும். பாதி வழி போவதற்குள் இருட்டிவிடும். பகல் விளக்கு இல்லாத வண்டியின் ஓட்டுநர், முன்னால் இருட்டானதும் ஹெட்லைட்டைப் போடுவார். அதனுடன் பின்விளக்கும் எரியும். பகல் விளக்கு உள்ள வண்டியிலோ முன்னால் ஏதோ வெளிச்சம் விழுகிறது. மீட்டர் பலகையும் ஒளிர்ந்தால், லைட் போட்டாயிற்று என்றே ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். தெருவிளக்கு உள்ள ஊர்களுக்குள் இந்த ஏமாற்றம் இன்னும் எளிது. பின்னால் வேகமாக வரும் பஸ்ஸுக்கு முன்னால் ஓர் இருண்ட வண்டி மெதுவாகச் சென்றுகொண்டிருக்கும்.

இது வெறும் கற்பனை அல்ல. பகல் விளக்கை முதலில் கட்டாயமாக்கிய நாடுகளில் ஒன்றான கனடாவிலேயே இப்படிப் பின்விளக்கின்றி ஓடிய வண்டிகளால் தொல்லை ஏற்பட்டது. 2021 செப்டம்பர் முதல் அங்கு தயாராகும் புதிய வண்டிகளில், பகல் விளக்குடன் பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்குகளும் தானாக எரிய வேண்டும், அல்லது ஓட்டுநருக்குச் சந்தேகம் வரும்படி மீட்டர் பலகை இருட்டாகவே இருக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. மாட்டு வண்டியின் அரிக்கேன் விளக்கு அடியில் தொங்கியதால் முன்னும் பின்னும் ஒருங்கே தெரிந்தது என்பது நினைவுகூரத் தக்கது.

விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. காரின் பின்விளக்கை எதுவும் மறைப்பதில்லை. பிக்-அப்பிலோ வைக்கோல், கரும்பு, வாழைத்தார், தென்னை ஓலை என்று எதை ஏற்றினாலும் பின்கதவைத் தாண்டித் தொங்கி விளக்கை மூடிவிடுகிறது. உரமூட்டை ஏற்றும் வண்டிகளில் சிந்தும் யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தில் கரைந்து, பின்விளக்கின் எர்த் இணைப்பை அரித்துவிடுகின்றன. பல்பு நன்றாக இருந்தும் விளக்கு எரியாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இவற்றில் எதுவுமே தெரியாது.

ஆகவே பகல் விளக்கு பொருத்த எலக்ட்ரீசியனிடம் செல்லும் விவசாயிகள், முதலில் பின்விளக்கைப் பிரித்து எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, இறுக்கித் தரச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே முன்விளக்கைப் பற்றிப் பேச வேண்டும். பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளைத் தரமானவையாகப் பார்த்து ஒட்டுவது பயன் தரும். பட்டைக்கு பேட்டரியும் தேவையில்லை, மறதியும் கிடையாது. பாரம் மறைக்காத உயரத்தில், கேபினின் பின்பக்க மேல்விளிம்பிலும் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டலாம்.

கைதேர்ந்த எலக்ட்ரீசியன் கிடைத்தால் கனடாவின் முதல் வழியையும் பின்பற்றலாம். சாவி போட்டவுடன் பகல் விளக்குடன் பின்விளக்கும் எரியும்படி இன்னொரு ரிலே வைக்கலாம். அப்படிச் செய்யும்போது, பகல் விளக்கை அணைக்கும் ரிலேக்கான வயரைப் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுக்காமல், ஹெட்லைட் சுவிட்சுக்கும் டிப்பருக்கும் இடையிலிருந்து எடுக்க வேண்டும். செலவு சிறிது கூடும். ஆனால் இதுவே சிறந்த ஏற்பாடு.

பழைய வண்டி, ஒட்டுப் போட்ட வயரிங், அருகில் நல்ல எலக்ட்ரீசியன் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் புதிதாக எதையும் மாட்டாமல் விடுவதே மேல். அவர்கள் விடியலிலும், மழையிலும், பனியிலும், மாலை 5 மணிக்கு மேலும் ஹெட்லைட்டை டிம்மில் போட்டு ஓட்டினால் போதும். பின்விளக்கும் சேர்ந்து எரிவதால் இது ஒருவகையில் பகல் விளக்கைவிட நல்லது. டீசல் வீணாகுமே என்ற தயக்கம் தேவையில்லை. ஹெட்லைட், பின்விளக்கு எல்லாம் சேர்ந்து 140 வாட் என்று கொண்டாலும், 5 மணி நேரம் எரிவதற்கு அரை லிட்டர் டீசல் கூடச் செலவாகாது. எல்.இ.டி. பகல் விளக்குக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஆகும். குன்னூர் போன்ற மலைப்பாதைகளில் மூடுபனி இறங்கும்போது, பகல் விளக்கு உள்ள வண்டியும் ஹெட்லைட்டை டிம்மில் போட்டே ஆக வேண்டும்.

டிராக்டர் டிரெய்லருக்கும் பகல் விளக்கு மாட்டலாமா என்ற கேள்வி எழலாம். மணிக்கு 25 கிலோ மீட்டரில் செல்லும் டிரெய்லரில் பின்னால் வருபவர்கள்தான் வந்து மோதுகிறார்கள். அங்கே முன்விளக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன், டிரெய்லரின் பின்னால் எரியும் விளக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான டிரெய்லர்களில் வயரே இணைக்கப்படுவதில்லை.

பொருத்திய விளக்கைப் பராமரிப்பது பெரிய வேலை அல்ல. தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்ட விளக்கையே வாங்க வேண்டும். இல்லையென்றால் முதல் வாட்டர் வாஷிலேயே உள்ளே ஆவி படிந்து மங்கிவிடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் முன், பின் விளக்குகளின் சேற்றைத் துடைக்க வேண்டும். துடைக்கும்போதே, வீட்டிலுள்ள ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, லைட்டும் பிரேக்கும் இண்டிகேட்டரும் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆயுத பூஜை அன்று விளக்குக் கண்ணாடியில் இடும் சந்தனமும் குங்குமமும் காய்ந்தபின் மாதக்கணக்கில் அப்படியே இருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். பொட்டை பானெட்டில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் உள்ளதை மறுநாளே துடைத்துவிடுதல் வேண்டும்.